வீடு முழுக்க, ஒரே நாளில்: ஜவ்வாது மலையும் வீட்டு ஒட்டுண்ணிகளும்

ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பேன் இருந்தால் அந்தத் தலைக்கு மட்டும் மருந்து போட்டால் போதுமா, வீட்டில் எல்லோருக்கும் போட வேண்டுமா? ஓர் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் பூச்சி மாத்திரை கொடுத்தால் போதுமா, பெரியவர்களுக்கும் கொடுக்க வேண்டுமா? முதல் கேள்வி திண்ணையில் உட்கார்ந்து அம்மாக்கள் பேசித் தீர்ப்பது. இரண்டாவது உலக சுகாதார அரங்குகளில் பேசப்படுவது. ஆனால் இரண்டுக்கும் அடி ஒன்றுதான். இன்னொரு உடம்பில் வாழும் உயிர் ஓர் ஆளோடு நிற்பதில்லை. படுக்கையையும் மண்ணையும் தண்ணீரையும் பகிர்ந்துகொள்ளும் எல்லோருக்கும் அது பொது. மருந்து மட்டும் ஓர் ஆளுக்கு என்றால் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

இரண்டாவது கேள்விக்கு விடை தேடிய உலகின் மிகப் பெரிய ஆய்வுகளுள் ஒன்று நம் ஜவ்வாது மலையில்தான் நடந்தது. அதன் பாடத்தைப் பேனுக்கும் சிரங்குக்கும் மூட்டைப்பூச்சிக்கும் பொருத்திப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மலையும் வீடும்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூர் அதன் நடு ஊர். வெளியூர்க்காரர்களுக்குக் காவலூர் வானாய்வு நிலையமும் பீமன் அருவியும் தெரியும். சாமை விளையும் சரிவுகளிலும், புளியும் பலாவும் சீத்தாவும் காய்க்கும் கொல்லைகளிலும் பாடுபட்டு வாழ்கிறவர்கள் மலையாளி என்ற பழங்குடி மக்கள். குக்கிராமங்கள் ஒன்றுக்கொன்று எட்டி எட்டி இருக்கும். பேருந்து வராத ஊர்களிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். பிள்ளைகளில் பலர் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். பெரியவர்கள் வருடத்தில் சில மாதங்கள் வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள்.

ஒட்டுண்ணிகளின் கணக்கில் இவை ஒவ்வொன்றுக்கும் இடமுண்டு. மார்கழிக் குளிரில் ஒரே போர்வைக்குள் மூன்று பிள்ளைகள் படுப்பார்கள். கோடையில் தண்ணீர் தூரத்திலிருந்து வர வேண்டும். துணியைக் கொதிநீரில் போட விறகும் வேண்டும். ஆடு, மாடு, நாய், கோழி எல்லாம் வாசலிலேயே இருக்கும். விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாய். இந்த நிலைமைகளைப் பார்க்காமல் "சுத்தமாக இருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது அறிவுரை ஆகாது. பேன் அழுக்கைத் தேடி வருவதில்லை. நன்றாக அலசிய கூந்தலிலும் அது சுகமாக இருக்கும். தலையோடு தலை ஒட்டினால் அதற்குப் போதும்.

பேனின் நாள்கணக்கு

பேனுக்கு இறக்கை இல்லை, தாவவும் தெரியாது. மயிரைப் பற்றிக்கொண்டு நடக்கத்தான் தெரியும். எனவே ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக மயிரும் மயிரும் தொட வேண்டும். பிள்ளைகள் தலை சாய்த்து விளையாடும்போதும், அக்காவும் தங்கையும் ஒரே தலையணையில் தூங்கும்போதும் இது நடக்கிறது. சீப்பு, துண்டு வழியாக வருவது அதைவிடக் குறைவு. தலையை விட்டு விழுந்த பேன் இரத்தம் கிடைக்காமல் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும்.

பெண் பேன் ஏறத்தாழ ஒரு மாதம் வாழும். நாளொன்றுக்கு எட்டு ஈறு வரை இடும். ஈறை மயிரின் அடியில், தலைத்தோலின் சூடு படும் இடத்தில், பசை போட்டு ஒட்டிவிடும். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் வகிடு எடுத்துப் பார்த்தால் எள்ளைவிடச் சிறிய, வெளிர் நிறமான ஒன்று மயிரோடு ஒட்டியிருக்கும். விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். உதிர்ந்தால் அது பொடுகு. நகரவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டால் அது ஈறு; இரண்டு நகங்களுக்கு நடுவே வைத்து உருவினால்தான் வரும். தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஈறு பெரும்பாலும் பொரித்துப் போன வெறும் கூடுதான். மயிர் மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போல வளரும் என்பதால், ஈறு இருக்கும் உயரத்தைப் பார்த்தே பேன் வந்து எத்தனை நாளாயிற்று என்று ஊகித்துவிடலாம்.

வைத்தியம் முழுவதும் இந்த நாள்கணக்கில்தான் நிற்கிறது. ஈறு பொரிக்க ஏழிலிருந்து பத்து நாள். பொரித்த சிறுபேன் முட்டையிடும் பருவத்துக்கு வர இன்னும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு நாள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு விழுக்காடு பெர்மெத்ரின் தைலம் பேனைக் கொல்லும். ஈறு எல்லாவற்றையும் கொல்லாது. தலைக்குக் குளித்து, துவட்டி, ஈரமான மயிரில் தடவிப் பத்து நிமிடம் வைத்து அலச வேண்டும். அதன்பின் ஏழிலிருந்து பத்து நாளுக்குள், ஒன்பதாம் நாள் என்று வைத்துக்கொண்டால் நல்லது, மறுபடி ஒரு முறை போட வேண்டும். முதல் முறை தப்பிய ஈறுகள் அதற்குள் பொரித்திருக்கும். பொரித்தவை இன்னும் முட்டையிட்டிருக்காது. இந்த இடைவெளியைப் பிடித்தால் வம்சமே அறுந்துபோகும். மருந்து பலிக்கவில்லை என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இந்த இரண்டாவது முறையை விட்டுவிட்டதே காரணம். இன்னொரு காரணம், வீட்டில் மற்ற தலைகளைப் பார்க்காமல் விட்டது. மூன்றாவதும் உண்டு. உலகின் பல நாடுகளில் பேன்கள் பெர்மெத்ரினுக்குப் பழகிவிட்டன. மருந்து போட்ட மறுநாளும் பேன் சுறுசுறுப்பாக ஓடினால் அதையே கூட்டிக் கூட்டிப் போடாமல் மருத்துவரிடம் வேறு மருந்து கேட்பதுதான் முறை. பூச்சியின் நரம்பைத் தாக்காமல், அதை எண்ணெய்ப் படலத்தால் மூடிக் கொல்லும் டைமெத்திகோன் ஒரு மாற்று. மருத்துவர் எழுதித் தந்தால் ஐவர்மெக்டின் மாத்திரை இன்னொரு மாற்று. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அது கூடாது.

மருந்தே இல்லாமலும் முடியும். தலையில் எண்ணெய் நிறையத் தேய்த்து, பல் நெருக்கமான பேன் சீப்பால், தோலிலிருந்து நுனி வரை, கொத்துக் கொத்தாகப் பிரித்துச் சீவி, ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு ஒரு தரம், இரண்டு வாரம் விடாமல் செய்தால் பலன் உண்டு. பாட்டிகள் ஈருளியை வைத்துக்கொண்டு செய்ததும் இதுதான். அவர்கள் முறையில் குறை எதுவும் இல்லை. அதற்கு வேண்டிய பொழுதுதான், விடிந்ததும் கொல்லைக்கும் காட்டுக்கும் போகிற தாய்மாருக்கு இல்லை. விடுதிப் பிள்ளைகளுக்கோ பார்க்கக் கையே இல்லை.

தலைப்பேன் பெரிய நோய் எதையும் பரப்புவதாகத் தெரியவில்லை. துணித் தையலில் முட்டையிடும் சீலைப்பேன் அப்படியில்லை. போர்க்காலங்களில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற டைபஸ் காய்ச்சல் அதன் வழியாகத்தான் பரவுகிறது என்று துனிஸ் நகரில் சார்ல் நிக்கோல் 1909இல் கண்டுபிடித்தார். 1928இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. தலைப்பேனால் வரும் துன்பம் வேறு: தூக்கம் கெடும், சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கும், பிடரியில் நெறி கட்டும். இவற்றையெல்லாம்விடப் பெரிய துன்பம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சீத்தா விதையும் மண்ணெண்ணெயும்

மலையில் சீத்தா நிறைய. பழம் தின்று துப்பிய விதையைக் காயவைத்து இடித்து, எண்ணெயில் குழைத்துத் தலையில் பூசுவது பழைய வழக்கம். விதைக்குப் பேனைக் கொல்லும் சக்தி உண்டு. அந்த நம்பிக்கை வெறும் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். பேனுக்கு இதைப் பூசிக்கொண்டு, அலசும்போது நீர் வழிந்து கண்ணில் இறங்கி, வலியும் சிவப்பும் பார்வை மங்கலுமாக வந்தவர்களைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்களே மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை தலையைக் குனிந்து அலசுகிறதா, நிமிர்ந்து அலசுகிறதா என்பதில் ஒரு கண்ணின் பார்வை தொங்குகிறது என்றால் அந்த மருந்து வீட்டில் வைத்துக்கொள்ளத் தக்கதல்ல. தெரியாமல் பட்டுவிட்டால், கையால் கசக்காமல், ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

மற்றவற்றையும் வரிசையாகப் பார்த்துவிடலாம். மண்ணெண்ணெய் தோலை எரிக்கும். அடுப்பருகே போனால் தலையே பற்றிக்கொள்ளும். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் தலையில் தேய்ப்பது உயிரைப் பணயம் வைப்பது. தலைத்தோல் வழியாக அது இரத்தத்தில் ஏறிக் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. தேங்காயெண்ணெயில் சூடம் கலந்து தேய்ப்பது சாதாரணமாகத் தோன்றும். சிறு குழந்தைக்கு அது வலிப்பை வரவழைக்கக்கூடும். வேப்பெண்ணெயை வெளியே தடவலாம். கைக்குழந்தையின் வாய்க்குள் போகக்கூடாது. காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்ற லிண்டேன் தைலம் ஒரு காலத்தில் பேனுக்கும் சிரங்குக்கும் தாராளமாக எழுதப்பட்டது. நரம்பைத் தாக்கும் என்பதால் பல நாடுகள் அதைக் கைவிட்டுவிட்டன.

வீட்டுக்குள் நஞ்சு எவ்வளவு எளிதாக மனிதரைத் தொடும் என்பதற்கு 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் நடந்ததை மறக்க முடியாது. எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பூச்சி போக வேண்டும் என்ற அவசரம், பூச்சியைவிட ஆபத்தான ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது.

நாட்டு வைத்தியத்தில் தேடிப் பார்த்தால் நல்லதும் கிடைக்கிறது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துச் சிரங்குக்குப் பூசிப் பார்த்த ஓர் ஆய்வு 1992இல் வெளியானது. 814 பேரில் 97 விழுக்காட்டினர் மூன்றிலிருந்து பதினைந்து நாளுக்குள் குணமானார்கள் என்று அது சொன்னது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு மருந்து கொடுத்த குழு அதில் இல்லை. ஆகவே அதையே முடிவாகக் கொள்ள முடியாது, தள்ளிவிடவும் கூடாது. முறையாகத் திரும்பச் சோதிக்கத் தக்க பொருள் அது.

சிரங்கு

சொறி சிரங்குக்குக் காரணமான பூச்சி கண்ணுக்குத் தெரியாது. பெண் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும். சாதாரணமாக ஓர் உடம்பில் பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். அவ்வளவுக்கே இரவெல்லாம் தூங்க முடியாத அரிப்பு. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பொரிப்பொரியாக இருந்து, இரவில் அரிப்பு கூடி, வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

சிரங்கில் ஏமாற்றும் செய்தி ஒன்று உண்டு. முதல் முறை பூச்சி ஏறியவருக்கு அரிப்பு தொடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதாவது, அரிக்காமல் பக்கத்தில் படுத்திருக்கும் தம்பியிடமும் பூச்சி இருக்கலாம். அரிக்கிறவனுக்கு மட்டும் மருந்து போட்டால் அவன் குணமாகும் வேளையில் தம்பிக்குத் தொடங்கும். தம்பியிடமிருந்து திரும்ப அவனுக்கு வரும். ஆறு மாதமாகப் போகவில்லை என்று சொல்லும் வீடுகளில் நடப்பது இதுதான்.

ஐந்து விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்துக்குக் கீழே ஓர் இடம் விடாமல், நகத்தின் அடி வரை, இரவில் பூசி, எட்டிலிருந்து பதினான்கு மணி நேரம் கழித்துக் குளிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு முகத்திலும் தலையிலும் சேர்த்துப் பூச வேண்டியிருக்கும். மருத்துவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். ஏழிலிருந்து பதினான்கு நாளில் இரண்டாம் முறை. வீட்டில் எல்லோரும் ஒரே இரவில். மறுநாள் போட்டிருந்த துணியையும் போர்வையையும் வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். விறகும் தண்ணீரும் போதாத வீட்டில் அவற்றைப் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் தொடாமல் வைத்தாலும் பூச்சி செத்துவிடும். மருந்து போட்ட பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கலாம். அதைப் பார்த்துப் பயந்து களிம்பைத் திரும்பத் திரும்பப் பூசினால் தோல் வறண்டு அரிப்பு கூடும்.

உலக சுகாதார நிறுவனம் 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. சொறிந்த புண்ணில் கிருமி ஏறினால் சிறுநீரகம் வரை பாதிக்கும் என்பதால் இது வெறும் தோல் சங்கதி இல்லை. "எல்லோருக்கும் ஒரே நாளில்" என்ற வழியைத் தீவுகளில் சோதித்துப் பார்த்தது ஃபிஜி நாடு. 2012இல் தொடங்கிய அந்த ஆய்வில் ஓரிடத்தில் வழக்கம்போல் நோய் கண்டவர்களுக்கும் அவர்களோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்கும் களிம்பு கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் எல்லோருக்கும் களிம்பு. மூன்றாம் இடத்தில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் மாத்திரை. ஓராண்டு கழித்துச் சிரங்கு முதல் இடத்தில் 49 விழுக்காடும், இரண்டாமிடத்தில் 62 விழுக்காடும், மூன்றாமிடத்தில் 94 விழுக்காடும் குறைந்திருந்தது. மூன்றாமிடத்தில் நூற்றுக்கு 32 பேருக்கு இருந்த சிரங்கு இரண்டு பேரளவுக்கு இறங்கியது. ஆளைப் பார்த்து மருந்து கொடுப்பதற்கும் ஊரைப் பார்த்துக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் அந்த எண்களில் தெரிகிறது.

கொக்கிப்புழு: மலை சொன்ன விடை

தலையிலும் தோலிலும் இருப்பவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். குடலில் இருந்துகொண்டு இரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு வெளியே தெரியாது. ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் மலத்தோடு விழுந்த முட்டை பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் புழுக்குஞ்சு தயாராகிவிடும். வெறுங்காலோடு மிதித்தவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குச் சேரும். அங்கே வருடக்கணக்கில் வாழும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது மிகச் சிறிதளவுதான். ஆனால் நூறு புழு இருந்து, சாப்பாட்டில் இரும்புச்சத்தும் குறைந்து, மாதவிலக்கிலும் இரத்தம் போனால் ஒரு பெண் மலையேற முடியாமல் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவாள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதற்குக் காரணங்கள் பல. மலையில் கொக்கிப்புழுவும் அவற்றில் ஒன்று.

நூறாண்டுக்கு முன்பே இந்தப் புழுவோடு ஒரு பெரிய போர் நடந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கை மலையகத் தோட்டங்களிலும், 1920களில் சென்னை மாகாணத்திலும் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. தோட்டத்துக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தப் புழு இருந்தது. மருந்து கொடுத்தால் புழு விழுந்தது. தொழிலாளர்கள் தங்கிய லயன் வீடுகளைச் சுற்றிக் கழிப்பறை இல்லாததால் சில மாதங்களில் திரும்ப ஏறியது. மருந்து மட்டும் போதாது என்று அப்போதே தெரிந்தது.

இந்தியாவில் 2015 பிப்ரவரியில் தேசியக் குடற்புழு நீக்க நாள் தொடங்கியது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை தருகிறார்கள். இரண்டு வயதுக்கு மேல் 400 மில்லிகிராம், அதற்குக் கீழே பாதி. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். உருண்டைப்புழு பிள்ளைகளிடம் அதிகம் என்பதால் அந்தப் புழுவுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். கொக்கிப்புழுவின் வழி வேறு. வயது ஏற ஏற அது கூடுகிறது. ஏர் பிடிப்பவரிடமும் களை எடுப்பவரிடமும் அதிகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மாத்திரை அவர்களுக்கு வராது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ககன்தீப் காங், சித்தாரா அஜ்ஜம்பூர் ஆகியோரின் குழு ஜவ்வாது மலையில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வந்தது. அதன் பெரிய கட்டம் டிவார்ம்3 ஆய்வு. பெனின், மலாவி, இந்தியா என மூன்று நாடுகளில் நடந்தது. இந்தியாவில் அதற்குத் தேர்ந்தவை சமவெளியில் திமிரியும் மலையில் ஜவ்வாதும். நாட்டுக்கு 40 பகுதிகள். 20 பகுதிகளில் வழக்கம்போல் பிள்ளைகளுக்கு மட்டும் மாத்திரை. மற்ற 20 பகுதிகளில், கைக்குழந்தைகளையும் கருவுற்ற முதல் மாதங்களில் உள்ளவர்களையும் தவிர, வயது பாராமல் வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் ஆண்டுக்கு இரு முறை, மூன்றாண்டு, மொத்தம் ஆறு சுற்று. தொடக்கத்தில் எடுத்த கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கொக்கிப்புழு இருந்தது. சமவெளியைவிட மலையில் கூடுதல், பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் கூடுதல்.

கடைசிச் சுற்று முடிந்து 24 மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். ஊர் முழுக்க மருந்து கொடுத்த பகுதிகளில் கொக்கிப்புழு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் எதிர்பார்த்தபடி பரவல் அறவே அறுந்துபோய்விடவில்லை. இந்த விடையில் இரண்டு பாதி இருக்கிறது. எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்தால் பலன் பெரிது என்பது ஒரு பாதி. மண் அப்படியே இருந்தால் ஆறு சுற்று மாத்திரையும் போதாது என்பது மறு பாதி. ஒரு முறை கொடுக்கும் அல்பெண்டசோல் நான்கில் மூன்று பேரிடமிருந்துதான் கொக்கிப்புழுவை முழுதாக நீக்கும். மிஞ்சியவரும், வேலைக்கு வெளியூர் போய் மாத்திரை நாளில் ஊரில் இல்லாதவரும் திரும்ப மண்ணுக்கு முட்டையைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே மாத்திரையோடு தண்ணீர் உள்ள, உண்மையாகப் பயன்படுகிற கழிப்பறையும், கொல்லைக்குப் போகும் காலில் செருப்பும் சேர வேண்டும். கழிப்பறை கட்டியாயிற்று என்று கணக்கெழுதுவது எளிது. தண்ணீருக்காக அரை மைல் நடக்கிற பெண், ஒரு குடம் நீரைக் கழிப்பறையில் கொட்டுவாளா என்பதுதான் கேள்வி.

கீரிப்பூச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் ஆசனவாயில் அரித்து, பிள்ளை சொறிந்து, நகத்தில் ஏறிய முட்டை வாய்க்கும் பாய்க்கும் போய் வீடு முழுவதும் பரவும். இங்கும் அதே விதிதான்: வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை, இரண்டு வாரம் கழித்து மறுபடி, அதோடு ஒட்ட வெட்டிய நகம்.

கட்டிலும் காடும்

மூட்டைப்பூச்சி நோய் பரப்புவதாக உறுதியில்லை, தூக்கத்தைத்தான் திருடும். மருந்தடித்தால் போகும் என்ற காலம் போய்விட்டது. பல ஊர்களில் அது மருந்துக்குப் பழகிவிட்டது. சூடு மட்டும் தோற்காத மருந்து. கட்டில் சட்டத்தின் இடுக்குகளில் கொதிநீர், துணிக்கு வெந்நீர், சுவர் வெடிப்புக்குப் பூச்சு. ஒரு வாரம் இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

காட்டோரம் வாழ்கிறவர்கள் உண்மையில் அஞ்ச வேண்டியது புதர்க்காட்டுச் சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வரும் ஸ்க்ரப் டைபஸை. மழைக்குப் பிந்திய குளிர்மாதங்களில் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் இது தவறாமல் வருகிறது. கடித்த இடம் வலிக்காது. அக்குளிலோ இடுப்பிலோ தொடை இடுக்கிலோ, சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், தலைவலி என்றால் உடம்பு முழுவதும் அந்தப் பொருக்கைத் தேட வேண்டும். மருத்துவரிடமும் காட்ட வேண்டும். டாக்சிசைக்ளின் உரிய நேரத்தில் கிடைத்தால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். தாமதமானால் நுரையீரலும் மூளையும் பாதிக்கப்பட்டு உயிர் போகும். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துத் தருவது தனித்தனியாகத் தருவதைவிட நல்லது என்று வேலூர் மருத்துவர்கள் தலைமையில் இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் நிறுவியது. பேனுக்குப் பதறுகிற அளவு இந்தக் காய்ச்சலுக்கு நாம் பதறுவதில்லை.

மொட்டையடிக்கப்படும் மானம்

பேனைவிடப் பெரிய துன்பம் ஒன்று உண்டு என்றேன். அது வெட்கம். பேன் இருக்கிறது என்று பெண்பிள்ளையின் கூந்தலை எல்லோர் முன்னிலும் ஒட்ட வெட்டுவது, தனியாக உட்காரவைப்பது, வீட்டுக்கு அனுப்பிவிடுவது, "காட்டுப் பிள்ளைகள் இப்படித்தான்" என்று சொல்வது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் நகரத்துப் பள்ளிகளிலும் பேன் உண்டு. அங்கே அது மருந்துக் கடைச் சமாச்சாரம், இங்கே அது சாதிச் சமாச்சாரம் ஆகிவிடுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், பேனுக்காகவோ ஈறுக்காகவோ எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து அனுப்பக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. கண்ணில் படுவதற்கு ஒரு மாதம் முன்பே பேன் அங்கே இருந்திருக்கும். இன்று ஒரு நாள் வெளியே அனுப்பி ஆவது ஒன்றுமில்லை. ஆனால் மலையில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளை பள்ளிக்குத் திரும்பாமலே போய்விடலாம். வெட்கம் இன்னொரு கெடுதலும் செய்கிறது. மறைக்கச் சொல்கிறது. மறைத்த தலையும் மறைத்த விரலிடுக்கும்தான் அடுத்த சுற்றுக்கு வித்து.

செய்ய வேண்டியது

பேன், சிரங்கு, கீரிப்பூச்சி, கொக்கிப்புழு எல்லாவற்றின் நாள்கணக்கும் வேறு, விதி ஒன்றுதான். எல்லோருக்கும் சேர்த்து, நாள் பார்த்து இரண்டாம் முறை, பிறகு ஊற்றை அடைப்பது. தனி ஒரு குடும்பத்தால் இதில் பாதியைத்தான் செய்ய முடியும். மீதி அரசின் கையில் இருக்கிறது, அதற்கான அமைப்பும் ஏற்கெனவே இருக்கிறது.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வரும் குடற்புழு நாளில் ஜவ்வாது மலை போன்ற இடங்களில் வயது வரம்பை எடுத்துவிட்டு வீடு வீடாக எல்லோருக்கும் மாத்திரை தர வேண்டும். அது முடியும் என்பதை இந்த மலையே செய்து காட்டிவிட்டது. அதே நாளில் தலையையும் விரலிடுக்கையும் பார்த்து, பேனோ சிரங்கோ கண்ட வீட்டுக்கு எல்லோருக்கும் போதுமான தைலமும் களிம்பும் கொடுக்க வேண்டும். ஒன்பதாம் நாள் இரண்டாம் முறைக்கு வர வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் தன்னார்வலர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் ஏற்கெனவே அந்த வீடுகளின் படியேறுகிறவர்கள்தான். உண்டு உறைவிடப் பள்ளிகளில் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பும் வாரத்தில் எல்லோருக்கும் ஒன்றாகப் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும். பெயர் சொல்லி நிறுத்தாமல், யாரையும் ஒதுக்காமல், ஆளுக்கொரு சீப்பும் போர்வையும் கொடுத்து. வெளியூர் வேலைக்குப் போனவர்கள் திருவிழாவுக்கும் அறுவடைக்கும் ஊர் திரும்பும் நாட்களைக் கேட்டு அதற்கேற்ப ஒரு சுற்று வைத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறைக்குத் தண்ணீர் போகாத ஊர்களின் பட்டியலையும் மாத்திரைக் கணக்கையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஜவ்வாது மலை மக்கள் தங்கள் வீட்டு வாசலைத் திறந்து, மலத்தைச் சோதனைக்குக் கொடுத்து, ஆறு சுற்று மாத்திரை விழுங்கி உலகத்துக்கு ஒரு விடை தந்திருக்கிறார்கள். அந்த விடை அவர்களுடைய பிள்ளைகளின் தலைக்கும் தோலுக்கும் குடலுக்கும் முதலில் பயன்பட வேண்டும். அது நாம் காட்டும் இரக்கம் ஆகாது. அவர்களுக்கு நாம் பட்ட கடன்.